தொண்டைக்குள் இன்னொரு தாடை: ராம் மீன் ஏன் தின்றதைத் துப்புகிறது?

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கொழும்பில் வாங்கி வந்த நீல ராம் மீன்கள், போடுகிற குருணையை வாயில் எடுத்துத் துப்புகின்றன, திரும்ப எடுத்து, திரும்பத் துப்புகின்றன. மணலைக்கூட வாய் நிறைய அள்ளிக் கொட்டுகின்றன. இது பசியா, நோயா? முன்பு வளர்த்த மீன்கள் செத்தபோது, வீட்டுக்கு வந்த கண்ணூற்றை அவை வாங்கிக்கொண்டன என்றார் மாமியார்."

மாமியாரின் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். புதுத் தொட்டியில் சில வாரங்களுக்குள் செத்த மீன் பெரும்பாலும் அமோனியாவால்தான் செத்திருக்கும். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அமோனியா உருவாகிறது. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற வாரக்கணக்கில் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். கண்ணூறு என்று பெயர் வைத்துவிட்டால் அதன் பிறகு யாரும் அமோனியாவைத் தேடுவதில்லை. அடுத்த ஜோடியும் அதே தொட்டியில் அதே வழியில் போகும்.

இனி, துப்பும் மீனுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த உடலமைப்புகளில் ஒன்று இதற்குள் இருக்கிறது.

ராம், அபிஸ்டோகிராமா போன்ற குள்ளச் சிக்லிட்கள் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ராமின் தாயகம் வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் பரந்திருக்கும் ஒரினோக்கோ ஆற்றுப் படுகை. சிக்லிட் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1700. நம் நீர்த்தேக்கங்களில் பிடிபட்டுச் சந்தைக்கு வரும் திலாப்பியாவும் இதே குடும்பம். அதனால் நான் சொல்லப்போவதை உங்கள் சமையலறையிலேயே சரிபார்க்கலாம். அடுத்த முறை திலாப்பியா வாங்கினால் தலையை எறிந்துவிடாதீர்கள். செவுள்களை நீக்கிவிட்டு, தொண்டையின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். முக்கோண வடிவில், மேலே பொடிப்பொடியாகப் பல் முளைத்த ஓர் எலும்பு அகப்படும். அதுதான் இரண்டாவது தாடை.

தொண்டையில் பல் இருப்பது மீன்களில் அதிசயமல்ல. செவுளைத் தாங்கும் வளைவுகளில் கடைசியாக உள்ளவற்றில் பல் முளைத்த எலும்புகள் பல மீன்களுக்கு உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றில் கீழெலும்பு இடமும் வலமுமாகத் தனித்தனியே நிற்கும். இரையைப் பிடித்து உள்ளே தள்ளுவதே அதன் முக்கிய வேலை. சிக்லிட்டில் அந்த இரண்டும் நடுவில் இணைந்து ஒரே எலும்பாகிவிட்டன. மேலெலும்புகளோ மண்டையோட்டின் அடிப்பக்கத்தில் மூட்டுப்போல் பொருந்தி, வழுக்கி நகர்கின்றன. மண்டையோட்டிலிருந்து இருபுறமும் இறங்கும் தசை, கீழெலும்பைத் தூளியைப் போலத் தாங்கித் தொங்குகிறது. தசை சுருங்கினால் கீழெலும்பு நேராக மேலே எழும்பி, மேற்பற்களோடு மோதி அரைக்கிறது. வெறும் தள்ளுகருவியாக இருந்தது உண்மையான அரைவை ஆலையாகிவிட்டது.

அரைக்கும் வேலை தொண்டைக்குப் போய்விட்டதால் முன்வாய்க்கு மெல்லும் கடமை இல்லை. அது உறிஞ்சலாம், கவ்வலாம், சுரண்டலாம், மணலை அள்ளலாம். இந்த விடுதலைதான் சிக்லிட்கள் இத்தனை வகையான இரைகளுக்குப் பரவ வழிவிட்டது என்று 1973இல் கரேல் லியம் என்ற விலங்கியலாளர் வாதிட்டார்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிப் பகுதியில் நத்தைகளை நொறுக்கித் தின்னும் ஒரு சிக்லிட் இருக்கிறது. அதன் தொண்டைத் தாடை தடித்தது; பற்கள் கடைவாய்ப் பல் போல மழுங்கியவை. அதே இனத்தை மீன்தொட்டியில் மென்மையான தீனி கொடுத்து வளர்த்தபோது தாடை மெலிந்து, பற்களும் சிறுத்துவிட்டதை ஹம்ஃப்ரி கிரீன்வுட் 1965இல் விவரித்தார். ஒரே இனம், தின்றதற்கேற்ப வேறு எலும்பு! ஏதோ ஓர் ஏரி மீனின் தொண்டையெலும்பை அளப்பதற்கு நம் நாட்டில் இன்று பணம் கேட்டால், "இதனால் எத்தனை டொலர் வரும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அலங்கார மீன் என்றாலே ஏற்றுமதிக் கணக்காகப் பார்க்கும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஆக, உங்கள் ராம் மணலை வாய் நிறைய அள்ளுவது சல்லடை வேலை. வாயிலும் செவுள் வளைவுகளிலும் உள்ள சுவை மொட்டுகள் இரையை அடையாளம் காண்கின்றன. இரை தொண்டைத் தாடைக்குப் போகிறது; மணல் செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் வெளியேறுகிறது. குருணையைத் துப்பித் துப்பி எடுப்பதும் பெரும்பாலும் அதே பழக்கம்தான். அல்லது குருணை அதன் வாய்க்குப் பெரிதாக இருக்கும். சிறிய, மூழ்கும் குருணையாக வாங்கி, சில நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். கடைகளில் விற்கும் கூரான வர்ணக் கற்களை எடுத்துவிட்டு, நன்கு கழுவிய நுண்ணிய ஆற்று மணல் இடுங்கள். கூரான துகள்கள் செவுளைக் கிழிக்கும். கடல் மணலும் பவளத் துண்டும் நீரைக் கடினமாக்கும்; அவையும் வேண்டாம்.

துப்பிய பிறகு திரும்ப எடுக்காமல் விட்டுவிடுவது, வயிறு ஒட்டுவது, நிறம் கறுப்பது, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குவது ஆகியவை வேறு கதை. அது குடலில் நுண்ணுயிர் பெருகியதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த மீனைத் தனியே பிரித்து, விலங்கு மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுங்கள்.

உயிர்த்தீனியில் சிறந்தது முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகள். உப்பு நீரில் 25 முதல் 28 பாகையில் ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிக்கும். மலைநாட்டுக் குளிரில் வெளியே வைத்தால் இழுத்தடிக்கும். பொரிக்கும் போத்தலை மின்விளக்கருகே வையுங்கள். சாக்கடையில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழுவோடு நோயும் சேர்ந்து வரலாம். கொசுக் குடம்பி நல்ல தீனிதான், மறுக்கவில்லை. ஆனால் டெங்கு பரவும் நாட்டில் வாளியில் கொசு வளர்ப்பது அயலவருக்குச் செய்யும் தீங்கு. 2007ஆம் ஆண்டின் கொசுப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தண்ணீரைப் பொறுத்தவரை மலைநாட்டாருக்கு அதிர்ஷ்டம். சுண்ணக்கல் நிலத்தின் மேல் இருக்கும் யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் கடினமானது; அங்கே ராம் வளர்ப்பவர் பாடு திண்டாட்டம். நம் மலைப்பாறைகளிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீரில் தாது உப்பு குறைவு. இந்த மீன்களுக்கு அதுவே வேண்டும். ஒரே பயம் செம்பு. தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் மருந்துகளில் செம்பு உண்டு, அது மீனுக்கு நஞ்சு. மலையில் மருந்தடிக்கும் நாட்களில் அதற்குக் கீழேயுள்ள பீலியில் தொட்டிக்கு நீர் பிடிக்காதீர்கள்.

இங்கே எதிரி குளிர்தான். ராமுக்கு 27 பாகைக்கு மேல் வேண்டும்; நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. மீனுக்கு உடற்சூடு என்று தனியாக இல்லை. நீர் குளிர்ந்தால் குடலின் நொதிகளும் மந்தமாகின்றன. வெப்பம் 10 பாகை குறைந்தால் செரிமானம் சுமார் பாதியாகக் குறையும். வாய் மட்டும் பழக்கத்தில் தின்றுகொண்டிருக்கும், தின்றது குடலில் தங்கிக் கெடும். எனவே தீனியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது வெப்பமானி. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அப்படி ஹீட்டர் நின்றுபோனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள், தீனியை நிறுத்துங்கள். நன்றாக வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மின்சாரம் வந்ததும் தீனி போட அவசரப்படாமல், நீர் பழைய சூட்டுக்குத் திரும்பும்வரை பொறுத்திருங்கள்.

பண்டாரவளையில் நல்ல ஹீட்டரோடு ராமை வைத்துக்கொள்ளலாம். நுவரெலியாவிலோ ஹட்டனிலோ புதிதாகத் தொடங்குபவர்கள் கடைக்காரரிடம் அபிஸ்டோகிராமா போரெல்லியைக் கேளுங்கள். தெற்கே பராகுவே ஆற்றுப் பகுதியிலிருந்து வந்த மீன் அது. 20 பாகைவரை இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும், மின்கட்டணமும் குறையும்.