சோக்கை மாற்றும் முன் ஒரு தாளைச் சுட்டுப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஷாட்கன் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு உலோக ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) பயிற்சி அளிக்கிறேன். என்னிடம் வருபவர்கள் அதிகம் கேட்பது, குழலின் முனையில் கழற்றி மாட்டும் சோக் குழாயைப் பற்றி, "எந்தச் சோக் போடுவது?" என்பதைத்தான். சென்ற பருவத்தில் ஒரு மாணவர் கையில் சோக் சாவியோடே திரிந்தார். இலக்காக எறியப்பட்டுக் குறுக்கே பறந்த களிமண் தட்டுகள் இரண்டு தப்பியதும் அரைச் சோக்கைக் கழற்றி, அதைவிடத் தளர்ந்த கால் சோக்கை மாட்டினார். பின்னால் நின்று பார்த்தேன். விசையை இழுக்கும் கணத்தில் அவருடைய துப்பாக்கி ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. தட்டு முன்னே போய்விடுகிறது. அதை எந்தச் சோக்கும் சரிசெய்யாது.

குழலின் வாயில் உள்ள சிறு குறுகல்தான் சோக். 12 போர் எனும் அளவு வகைத் துப்பாக்கியில் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; முழுச் சோக்கில் வாயருகே 1 மி.மீ. குறையும், அவ்வளவே. பறவையைத் துளைக்கும் வலிமை அதனால் கூடுவதில்லை. ரவைகள் எவ்வளவு விரியும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. 20 கெஜத்தில் முழுச் சோக்கின் விரிவு ஏறத்தாழ 16 அங்குலம். மிகத் தளர்ந்த சோக்குகளில் ஒன்றான இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 26. பரப்பில் இது இரண்டரை மடங்குக்கும் மேல். குறுக்கே பறக்கும் தட்டுகளை அருகிலிருந்து சுடும் ஸ்கீட் ஆடுபவருக்கு இந்த வேறுபாடு பெரிது. விலகி ஓடும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப்பில் இறுக்கமான சோக் வேண்டும். கால் சோக்கா, அரைச் சோக்கா என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு.

அந்த மாணவரைப் பெரிய வெள்ளைத் தாளின் முன் நிறுத்தினேன். 40 கெஜத்திலிருந்து ஒரு தோட்டா. துளைகள் அடர்ந்த இடத்தில் 30 அங்குல வட்டம் வரைந்து, பென்சிலால் ஒவ்வொரு துளையையும் குறித்து எண்ணினோம். அரைச் சோக் என்றால் அறுபது விழுக்காடு ரவைகள் வட்டத்துக்குள் விழ வேண்டும். எழுபதைத் தாண்டியது, அதாவது முழுச் சோக்கின் அளவு! வேறு தோட்டாவைப் போட்டதும் அறுபதுக்கு இறங்கியது. குழலில் பொறித்திருப்பதை மட்டும் நம்பி யாரும் களத்துக்குப் போக வேண்டாம்.

வேட்டையில் தவறினால் உயிர் வதைபடுகிறது. விரிவு மெலிந்தால் ஃபெசன்ட் எனும் வேட்டைப் பறவை காயத்தோடு பறந்து போய் எங்கோ புதரில் கிடந்து சாகும். மிகவும் இறுகினால், அருகில் வரும் பறவை உண்ண முடியாதபடி சிதைந்துவிடும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் முதலில் சுடும் குழலுக்குத் தளர்ந்த சோக் என்பது பொது வழக்கம். ஆனால் விரட்டப்பட்டு நம்மை நோக்கி வரும் பறவைக்கு முதல் சுடுதான் தூரச் சுடு என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

எஃகு ரவைக்கு மாறுபவர்கள் கூடுதல் கவனம் கொள்ளுங்கள். அவை ஈயத்தைப் போல நசுங்கா. அதே சோக்கில் பெரும்பாலும் இறுக்கமாகவே போகும். 4 மி.மீ.க்கு மேற்பட்ட எஃகு ரவைக்கு அரைச் சோக்கைத் தாண்டக் கூடாது. இரும்புத் தகட்டில் எஃகைச் சுட்டுச் சோதிக்கவும் கூடாது. ரவை திரும்பிவந்து கண்ணைப் பறிக்கும்.

தொடர்ந்து சுடும்போது சோக் குழாய் தளரும். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா வைக்கும் இரு அறைகளும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே சாவியை எடுங்கள்.