ஃபார்மட் போடும் முன் மறைந்திருக்கும் ஃபோல்டரைப் பாருங்கள்

சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவுக்கு ஃபார்மட் போட வரும் கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாம் பெரும்பாலும் முன்பே பென்டிரைவுக்குப் போயிருக்கும். தொலைவது செட்டிங்ஸ்தான். வேர்ட் டெம்ப்ளேட், பிரவுசர் புக்மார்க் போன்றவை சி டிரைவில், யூசர்ஸுக்குள் உங்கள் பெயரிலுள்ள ஃபோல்டரில், ஆப்டேட்டா என்ற இடத்தில் இருக்கின்றன. விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் கொடுத்தால் தெரியும். அதற்குள் இருக்கும் ரோமிங், லோக்கல் என்ற இரண்டு ஃபோல்டர்களையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். லோக்கலுக்குள் இருக்கும் டெம்ப் என்ற தற்காலிக ஃபைல் ஃபோல்டர் வேண்டாம்.

திருவல்லிக்கேணியில் பத்திரிகை, நோட்டீஸ் அடித்துத் தரும் டிடிபி கடைக்காரர்களுக்கு ஃபாண்ட்தான் (எழுத்துரு) முக்கியம். பாமினி, வானவில் ஃபாண்ட்டில் அடித்த பழைய ஃபைல், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அல்ல. ஃபாண்ட் இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகை முழுவதும் புரியாத ஆங்கில எழுத்தாகிவிடும். ஃபைல் கெட்டுவிட்டதென்று பதறி மறுபடி அடிக்க உட்காராதீர்கள். ஃபாண்ட்டைப் போட்டாலே சரியாகிவிடும். ஆனால் அதைத் தேடும் இடம் இரண்டு. விண்டோஸ் 10-இல் 1809 பதிப்பு முதல், சாதாரணமாக இன்ஸ்டால் செய்த ஃபாண்ட் சி டிரைவின் விண்டோஸ் ஃபாண்ட்ஸுக்குப் போகாமல், லோக்கலுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்ற வழியில் போய்விடுகிறது.

காப்பி செய்தும் பயன்படாதவை உண்டு. குரோம் பாஸ்வேர்டுகளின் பூட்டு பழைய விண்டோஸ் கணக்கோடு சேர்ந்தது. புது விண்டோஸில் திறக்காது. அழிக்கும் முன்பே குரோமுக்குள் போய் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த ஃபைலை யார் திறந்தாலும் பாஸ்வேர்ட் அப்படியே தெரியும் என்பதால், இம்போர்ட் ஆனதும் அழித்துவிட வேண்டும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இருந்தால் அதன் லைசென்ஸையும் முன்பே சரண்டர் செய்யுங்கள். டி டிரைவ், பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டில் பூட்டியிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

திரும்பப் போடும்போது பலர் ஆப்டேட்டாவை மொத்தமாகப் பேஸ்ட் செய்கிறார்கள். பழைய விண்டோஸின் செட்டிங்ஸும், கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பும் புதியதோடு கலந்து, ஸ்டார்ட் மெனுவே திறக்காமல் போகலாம். ஒவ்வொரு புரோகிராமாக இன்ஸ்டால் செய்து, ஒருமுறை திறந்து, மூடி, பிறகு அதன் ஃபோல்டரை மட்டும் போடுங்கள். மூடுவது அவசியம்: பல புரோகிராம்கள் மூடும்போதுதான் தங்கள் செட்டிங்ஸை எழுதும், திறந்தபடி காப்பி செய்தால் நீங்கள் போட்டது அழிந்துவிடும்.

எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில் ஃபார்மட்டுக்குப் பிறகு ரெக்கவரி சாஃப்ட்வேரை நம்ப முடியாது. அழித்த இடங்களை டிரிம் என்ற வசதி காலியாக்கிவிடும். புது டிஸ்க் வாங்கி மாற்றுகிறீர்கள் என்றால் பழையதை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். மாதாந்தர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான் விட்டுப்போன ஏதோ ஒன்று தெரியவரும்.