மோவாயை வளர்ப்பது காதோர மூட்டு

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரல்நுனியை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். உள்ளே ஏதோ உருள்வது தெரியும். இன்னும் அகலத் திறந்தால் அந்த உருண்டை முன்னே நழுவி, விரலுக்கடியில் சிறு பள்ளம் விழும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலை. அது பொருந்தியிருக்கும் குழி, மண்டையோட்டின் பொட்டெலும்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெத்தைபோல ஒரு நார்க்குருத்து வட்டு.

கதவுக் கீல் போலச் சுழலவும், இழுப்பறை போல முன்னே நகரவும் இந்த மூட்டால் முடியும். வாய் ஏறக்குறைய 2 செ.மீ. திறக்கும்வரை சுழற்சியே போதும். முழுத் திறப்பான 4, 5 செ.மீ. எட்ட, தாடைத் தலை வட்டையும் கூட்டிக்கொண்டு குழிக்கு முன்னாலுள்ள எலும்பு மேட்டில் இறங்கியாக வேண்டும். நழுவிப்போன வட்டு மீண்டும் தலைமேல் வந்து உட்காரும்போதுதான் பலருக்கு 'டக்' என்று கேட்கிறது.

விரலை அப்படியே கன்னத்தை நோக்கி நகர்த்துங்கள். கையில் தட்டுப்படும் எலும்பு வளைவுக்கு வேரே அந்த மேடுதான். மெல்லும் தசை இந்த வளைவிலிருந்துதான் தொங்குகிறது. பொட்டிலிருந்து வரும் தசை இதற்கடியில் புகுந்து தாடையைப் பிடிக்கிறது. கன்னத்தின் அகலத்தையும் மூட்டின் வேலையையும் பிரித்துப் பேசவே முடியாது.

பிறந்த குழந்தைக்கு அந்த மேடு கிட்டத்தட்டத் தட்டை. பல் முளைத்து, மெல்லப் பழகப் பழகத்தான் அது உயர்கிறது. என்னை இன்றும் வியக்க வைப்பது தாடைத் தலையிலுள்ள குருத்தெலும்பு. அது வளர்வது மேல்நோக்கியும் பின்நோக்கியும். ஆனால் மேலே மண்டையோடு இருக்கிறதே, எங்கே போவது? தாடை முழுவதும் கீழும் முன்னும் நகர்கிறது, மோவாய் எடுப்பாகிறது. வளர்ச்சி நடப்பது காதருகே, தெரிவது முகத்தின் மறுகோடியில்.

அதனால்தான் சிறுவயதில் மோவாய் அடிபட விழுவதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அடியின் விசை எலும்பு வழியே ஏறி, தாடைத் தலையை அதன் மெலிந்த கழுத்தில் முறித்துவிடலாம். பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடும். ஆனால் மூட்டு இறுகிப்போனால் அந்தப் பக்கம் வளர்ச்சி குன்றி, மோவாய் அதே பக்கம் சாயும். இரு பக்கமும் இறுகினால் உள்வாங்கிவிடும். மாறாக, ஒரு பக்கத் தாடைத் தலை அளவுமீறி வளர்ந்தால் மோவாய் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். மோவாய்க் காயத்துக்குத் தையல் போட்டதோடு விடாமல், குழந்தை வாயை முழுதாகத் திறக்கிறதா, திறக்கும்போது ஒரு பக்கம் கோணுகிறதா என்று அடுத்த வாரங்களிலும் பாருங்கள்.