கரப்பான் வெடிப்பின் வழியே நுழையும் உணவு ஒவ்வாமை

எட்டு மாதக் குழந்தை. இரண்டு கன்னங்களிலும் கரப்பான் என்னும் தோல் அழற்சி வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அன்று காலை முதன்முதலாகப் பாசிப்பருப்புக் கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள். இரண்டு வாய் உள்ளே போன சில நிமிடங்களில் உதடு வீங்கி, உடலெங்கும் தடிப்பு.

"இதுவரை பருப்பே கொடுத்ததில்லையே டாக்டர், முதல் தடவையிலேயே எப்படி?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. முன்பின் பார்க்காத பொருளுக்கு உடல் இப்படிச் சீறாது. எதைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "பாசிப்பயறு மாவுதான், பிறந்ததிலிருந்தே" என்றார் பாட்டி. பரிசோதனையும் பாசிப்பயறையே காட்டியது. ஒரு குழந்தையை வைத்து மாவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வழி அங்கே திறந்திருந்தது.

வாய் வழியே வரும் உணவைக் குடல் பெரும்பாலும் ஏற்றுப் பழகிக்கொள்கிறது. அதே புரதம் வெடித்த தோலின் வழியே வந்தால் கதை வேறு. காயம்பட்ட தோல் செல்கள் அபாயச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அந்தப் பதற்றத்தில் காவல் செல்கள் புரதத்தைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோக, அதற்கெதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகிறது. அது உடலெங்கும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். பிறகு அந்த உணவைச் சாப்பிட்டதும் அந்தச் செல்கள், வீக்கமும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை கோதுமையைச் சிக்கலின்றிச் சாப்பிட்டவர்கள் அவர்கள். 2011-இல் அந்தச் சோப்பு திரும்பப் பெறப்பட்டது.

நம் வீடுகளில் வேர்க்கடலையைக் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்குவார்கள். என் அனுபவத்தில் இந்த ஒதுக்கல்தான் அதிகம் கவலை தருகிறது. தோல் வழி திறந்திருக்க, வாய் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். லண்டனில் கிடியன் லாக் குழுவினர் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை உணவைத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை சுமார் 3 சதவீதம். தவிர்த்தவர்களுக்கு 17 சதவீதம்!

ஆகவே கரப்பான் உள்ள குழந்தைக்குப் பயறு மாவு, கடலை மாவு, பாதாம் எண்ணெய் எதையும் தோலில் தேய்க்காதீர்கள். குளித்த ஈரம் காயும் முன் வாசனையில்லாத களிம்பைத் தடவுங்கள். மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு எழுதினால் பயந்து பாதியில் நிறுத்த வேண்டாம். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள். கரப்பான் கடுமையாக இருந்தால் முட்டை, வேர்க்கடலை தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கடலையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, புரையேறும். நைசாக அரைத்துக் கூழில் கலந்துதான் தர வேண்டும். எதைக் கொடுத்தாலும் மூச்சு இழுத்தாலோ குழந்தை துவண்டாலோ நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

அந்தக் குழந்தையின் கன்னம் ஆறு வாரத்தில் ஆறிவிட்டது. முட்டையும் வேர்க்கடலை விழுதும் வாரந்தோறும் சாப்பிடுகிறான். பாசிப்பருப்பை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு மறுபரிசோதனை.