பத்து விநாடிக்கான பாஸ்பேட்

ஜிம்முக்குப் போகும் மகன் கிரியேட்டின் பவுடர் கரைத்துக் குடிக்கிறான், இது ஸ்டீராய்டுதானே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை. நம் உடம்பே சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் கிரியேட்டினைத் தயாரித்துக்கொள்கிறது. மீன், இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு உணவிலிருந்தும் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ளவரிடம் சுமார் 120 கிராம் இருக்கும், பெரும்பகுதி தசையில். உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இது இல்லை.

சரி, தசையில் அதற்கு என்ன வேலை?

தசை சுருங்க ஏடிபி (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும் என்பது பள்ளிப் பாடம். மூன்று பாஸ்பேட்டில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அது வெறுமனே நிற்கும். முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பு ஏடிபி இரண்டு மூன்று விநாடிக்குத்தான் தாங்கும். செல்லின் ஆற்றல் அடுப்படியான மைட்டோகாண்ட்ரியா புதிதாகச் செய்து தரும்தான், ஆனால் அது வேகமெடுப்பதற்குள் 100 மீட்டர் ஓட்டமே முடிந்துவிடும்.

இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு வருகிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படி பின்கட்டில் இருக்கிறது. ஆனாலும் இலை காலியாவதில்லை, வாளியோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். அந்த வாளிதான் பாஸ்போகிரியேட்டின், அதாவது ஒரு பாஸ்பேட்டைச் சுமந்திருக்கும் கிரியேட்டின். பரிமாறுபவர் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி. பாஸ்பேட்டை எடுத்து, ஒன்றை இழந்து நிற்கும் மூலக்கூறின் மேல் ஒட்டி அதை மறுபடி ஏடிபி ஆக்கிவிடும். ஒரே படி, ஆக்சிஜன் தேவையில்லை. இந்த நொதி எங்கே இருக்கிறது பாருங்கள்: தசையிழையின் சுருங்கும் அலகு ஒவ்வொன்றின் நட்டநடுவில் ஒரு கூட்டம், மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் இன்னொரு கூட்டம். அங்கே நிரப்பி இங்கே இறக்குகிறார்கள். போதாக்குறைக்கு, இந்த வினை நடக்கும்போது ஒரு ஹைட்ரஜன் அயனியையும் விழுங்கிவிடுகிறது. தசை அமிலமாவது சற்றுத் தள்ளிப்போகிறது. ஓட்டம் முடிந்து ஓய்வெடுத்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வாளி பெரும்பாலும் நிரம்பிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து, திசுவில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறையை உருவாக்கினார். தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் வரவேண்டிய நேரத்தில் வராமல், மெல்ல மெல்ல அடர்ந்துகொண்டே போனது. வேறொருவர் என்றால் சோதனை கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவிவைத்திருப்பார். இவர்கள் அந்தத் தாமதத்தையே துரத்தினார்கள். எளிதில் உடையும் ஏதோ ஒன்று பாஸ்பேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று புரிந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின், ஆண்டு 1927. விளையாட்டு வீரர்களை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை. ஆய்வுக்கு நிதி கேட்டால் முதல் பக்கத்திலேயே ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பவுடர் குடித்தால் தசையின் கிரியேட்டின் இருப்பு கூடும் என்று ரோஜர் ஹாரிஸ் குழு காட்டியது 1992இல். கூடுதல் பலருக்கு 20 சதவீதம் வரை. சைவர்களுக்கு ஆரம்ப இருப்பே குறைவு என்பதால் பலன் தெளிவாகத் தெரியலாம். ஒரே ஒரு ஓட்டத்தைவிட, சிறு இடைவெளி விட்டு ஓடும் மூன்றாவது, நான்காவது ஓட்டத்தில்தான் வித்தியாசம் தெரியும். பளு தூக்குபவருக்கு இன்னும் ஒரு தடவை தூக்க முடியும். மாரத்தானுக்கு இதை நம்ப வேண்டாம். தசையில் நீர் சேர்ந்து ஒரு கிலோ எடை கூடுவது அங்கே சுமைதான்.

தினமும் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகை போதும். பளபளப்பான டப்பாவில் இரட்டிப்பு விலைக்கு வரும் மற்ற வகைகள் இதைவிட மேல் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் இதைச் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கிரியேட்டின் சிதைந்து கிரியேட்டினின் என்ற கழிவாக வெளியேறுவதால், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே ரிப்போர்ட்டில் அந்த எண் கொஞ்சம் கூடித் தெரியலாம்.