கிளவுட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சர்வர் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள்

"எந்த கிளவுட் மலிவு?" அதாவது, இணையம் வழியாக சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனங்களில் எது மலிவு என்ற கேள்வி. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு சர்வர் அமைத்துப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கையில் ஒரு எக்செல் தாளும் இருக்கும். இரண்டு சிபியு, 4 ஜிபி நினைவகம் கொண்ட சர்வருக்கு அமேசானில் எவ்வளவு, மைக்ரோசாப்டின் அஸூரில் எவ்வளவு, கூகுளில் எவ்வளவு என்று அழகாக நிரப்பியிருப்பார்கள். மூன்றுக்கும் இடையே பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். அதற்காக ஒரு வாரம் விவாதம் நடக்கும். பில்லை உண்மையில் ஏற்றிவிடும் செலவுகளோ அந்தத் தாளில் இடம்பெற்றே இருக்காது.

ஆன்லைனில் ஆயத்த ஆடை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பொருள் படங்களும் சிறு வீடியோக்களுமாக மாதம் 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) தரவு வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளுக்குப் போகிறது. அமேசானின் மும்பை மையத்தில் 4 ஜிபி நினைவகமுள்ள டி3 மீடியம் சர்வருக்கு மாத வாடகை 33 டாலர் அளவில் வரும். தரவை உள்ளே ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. வெளியே அனுப்ப மாதம் 100 ஜிபி இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு ஜிபிக்கும் சுமார் 11 சென்ட். ஆக, இந்தத் தரவுப் போக்குவரத்துக்கு மட்டும் 200 டாலரைத் தாண்டிவிடும். சர்வர் வாடகையைப் போல ஆறு மடங்கு! அதே 4 ஜிபி அளவை டிஜிட்டல் ஓஷன் என்ற சிறிய கிளவுட் நிறுவனத்தின் பெங்களூரு மையத்தில் 24 டாலருக்கு எடுக்கலாம். 4 டிபி போக்குவரத்து அந்த வாடகையிலேயே அடக்கம்.

இன்னொரு செலவும் சத்தமில்லாமல் சேரும். பாதுகாப்புக்காக சர்வரை, இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாத தனி வலையமைப்புக்குள் வைக்கச் சொல்வார்கள். சரியான யோசனைதான். ஆனால் அந்த சர்வர் மென்பொருள் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்வதற்குக்கூட வெளியே போக ஒரு வழி வேண்டும். வழிகாட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் நாட் கேட்வே ஒன்றை அமைக்கச் சொல்லும். அமேசானின் மும்பை மையத்தில் அது சும்மா இருந்தாலே மாதம் 40 டாலர். வாசல் வாடகை வீட்டு வாடகையைவிட அதிகம். அமேசானில் 2024 பிப்ரவரியிலிருந்து, இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் ஒவ்வொரு பொது ஐபி (ஐபிவி4) முகவரிக்கும் தனிக் கட்டணம் உண்டு. சர்வரை நிறுத்தி வைத்தாலும் அதன் வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். பட்ஜெட் எச்சரிக்கை வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: அது மின்னஞ்சல் அனுப்பும், செலவைத் தானாக நிறுத்தாது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் சிறிய நிறுவனங்களுக்கு ஓட வேண்டியதில்லை. பத்து பேர் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளுக்குப் போக்குவரத்து 100 ஜிபியைத் தொடுவதே அரிது. ஒரு டேட்டா சென்டர் கட்டடம் செயலிழந்தால் இன்னொன்று உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற தொழிலுக்கு, மும்பையில் ஒன்றுக்கொன்று தள்ளி இயங்கும் மூன்று வளாகத் தொகுதிகளை வைத்திருக்கும் அமேசான் போன்றவைதான் பொருத்தம். "அஸூருக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறதே, பக்கத்தில் இருப்பது நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மையத்தில் இப்படித் தனித்தனித் தொகுதிகள் கிடையாது. புனே மையத்தில் உண்டு. சென்னைக்கும் மும்பைக்கும் இடையிலான சில பத்து மில்லிவினாடித் தாமதத்தை பில் போடும் ஊழியர் உணரவே மாட்டார். தீ பிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் பெரிய கேள்வி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

"99.99 சதவீத நேரம் சர்வர் இயங்கும்" போன்ற உறுதிமொழிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமேசானில் தனி ஒரு சர்வருக்கான உறுதி 99.5 சதவீதம்தான், மாதம் மூன்றரை மணி நேரம் படுத்தாலும் அது ஒப்பந்த மீறல் ஆகாது. மீறினால் கிடைப்பதும் பில்லில் ஒரு கழிவு மட்டுமே. அதையும் நாம்தான் விண்ணப்பித்துப் பெற வேண்டும்.

பணம் கட்டும் முறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய மூன்றும் தங்கள் இந்திய நிறுவனங்கள் வழியாக ரூபாயில், ஜிஎஸ்டியோடு பில் தருகின்றன. டாலரில் அட்டைவழி மட்டுமே பணம் பெறும் நிறுவனம் என்றால் நாணய மாற்றுக் கட்டணம் சேரும். மாதந்தோறும் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கணக்காளர் அந்தச் செய்தியைக் கவனிக்காவிட்டால் சர்வரே முடக்கப்படலாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொன்று: மின்னணு கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிகள் கணக்கு விதி. மலிவு என்று ஜெர்மனியில் எடுத்த சர்வர் மட்டும் இதற்குப் போதாது.

நான் அதிகம் பார்த்த சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல. ஒரு வாடிக்கையாளரின் மொத்த வியாபாரமும் ஓடிய கிளவுட் கணக்கு, வெப்சைட் செய்து கொடுத்த இளைஞரின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. கடவுச்சொல் முதலாளியிடம் இருந்தது. உள்நுழைவுக்கான இரண்டாவது எண் அந்த இளைஞரின் கைப்பேசிக்குப் போனது. அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்க் கைப்பேசி எண்ணையும் மாற்றிவிட்டார். பணம் நாங்கள்தானே கட்டுகிறோம் என்ற வாதம் எந்த நிறுவனத்திடமும் எளிதில் எடுபடாது. அவரைத் தேடிப்பிடித்துக் கணக்கை மாற்றி வாங்கும்வரை ஒரு சர்வரைக்கூட மறுதொடக்கம் செய்ய முடியவில்லை. கணக்கு நிறுவனத்தின் சொந்த டொமைன் முகவரியில், இரண்டு பொறுப்பாளர்கள் திறக்கும்படி இருக்க வேண்டும்.

கடைசியாக, வெளியேறும் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் வந்ததையடுத்து, ஒரேயடியாக விட்டு விலகுகிறவர்களுக்குத் தரவு வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024இல் கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் அறிவித்தன. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஆனாலும் கட்டணத்தைவிட மென்பொருள்தான் நம்மைக் கட்டிப்போடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எந்த நிறுவனத்திலும் ஓடும். அமேசானுக்கே உரிய டைனமோடிபி என்ற தரவுத்தளத்தை நம்பி எழுதப்பட்ட மென்பொருளை வேறிடத்துக்கு மாற்ற நிரலின் பெரும்பகுதியைத் திருத்தி எழுத வேண்டிவரும். எந்தத் தரவுத்தளம் என்ற முடிவை உங்கள் நிரலாளர் முதல் வாரத்திலேயே எடுத்துவிடுவார், பெரும்பாலும் உங்களிடம் சொல்லாமலே. அதற்குள் கேட்டுவிடுங்கள்.