குறட்டை மிஷினும் கொல்லிமலை டென்ட்டும்

சேலத்தில் நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் கண் சிவந்து வந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுப்பாதை மூடாமல் காக்கும் சீபேப் மிஷினைப் போட்டுக்கொண்டு நன்றாக இருந்தவர். "மிஷின் ரிப்பேர் சார்" என்றார். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை.

சனிக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலையில் டென்ட்டில் தங்கியிருக்கிறார். அங்கே கரண்ட் கிடையாது. கார் சாவியை ஆனில் வைத்து, சிகரெட் லைட்டர் பாயின்ட்டில் ஒரு குட்டி இன்வெர்ட்டரைச் செருகி, ஒயர் இழுத்து மிஷினை ஓட்டியிருக்கிறார். இரவு இரண்டு மணி வாக்கில் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிட்டது. மீதி இரவு திணறல்தான். காலையில் காரும் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து டென்ட்காரர் ஜம்பர் கேபிள் கொடுத்து உதவ, அதே கண்ணோடு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அவரே ஓட்டி இறங்கியிருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இதில் பாதித் தப்பு என்னுடையது. மாஸ்க்கை எப்படிக் கழுவுவது என்று பத்து நிமிடம் பாடம் எடுப்பேன். "வெளியூர் போவீர்களா, அங்கே கரண்ட் இருக்குமா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, பேட்டரி ஏன் பாதியில் படுத்தது? அவர் தண்ணீர் டப்பாவை, அதாவது காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை, எடுக்காமல் போட்டிருந்தார். காற்றைத் தள்ளும் மோட்டார் அதிகம் சாப்பிடுவதில்லை. நடுத்தர அழுத்தத்தில் 10 வாட் அளவுதான். தண்ணீரையும் குழாயையும் சூடாக்குவதுதான் கரண்டை உறிஞ்சும். இரண்டும் ஓடினால் 50 வாட்டைத் தொடும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 5 ஆம்பியர். நாலு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர் ஹவர். கார் பேட்டரி மொத்தமே 45 ஆம்பியர் ஹவர், அதுவும் மூன்று வருடப் பழசு. அது வண்டியைக் கிளப்ப ஒரு நொடி பலமாகத் தள்ளுவதற்கான பேட்டரி; இரவெல்லாம் நிதானமாக வடிப்பதற்கானது அல்ல.

ஆகவே கரண்ட் இல்லாத இடத்துக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: தண்ணீர் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, குழாய்ச் சூட்டையும் அணைத்துவிடுங்கள். மூக்கு கொஞ்சம் காயும், உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். எட்டு மணி நேரத்துக்கு 80 வாட் ஹவர்தான் ஆகும். மாஸ்க் ஒழுகினால் மோட்டார் கூடுதலாக உழைக்கும், அதனால் பட்டையையும் சரிபாருங்கள்.

இரண்டாவது, இன்வெர்ட்டரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். பேட்டரியின் டிசி கரண்டை ஏசியாக்கி, மிஷினின் அடாப்டர் அதைத் திரும்ப டிசியாக்குவது, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே சில வாட் தின்னும். மிஷினின் அடாப்டரில் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று எழுதியிருக்கும். அதற்கேற்ற டிசி ஒயரை மிஷின் விற்றவரிடமே கேட்டு வாங்குங்கள். 24 வோல்ட் மிஷினை 12 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. 300 வாட் ஹவர் லித்தியம் பவர் ஸ்டேஷன் (தூக்கிப் போகக்கூடிய பேட்டரிப் பெட்டி) ஒன்று இருந்தால் டிசி வழியில் இரண்டு இரவு தாராளமாகப் போகும். இன்வெர்ட்டர்தான் வழி என்றால் ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலச் சீராகத் தருவது) ஆக இருக்கட்டும்.

சோலார் தகட்டை நம்பிப் போகாதீர்கள். மரநிழலும் பனிமூட்டமும் உள்ள மலையில் அதை உபரியாகத்தான் கணக்கில் வைக்கலாம். ஜெனரேட்டரை டென்ட்டுக்குப் பக்கத்தில் ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். ஹோம்ஸ்டே என்றால், கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் இருக்கும்.

எதை வாங்கினாலும் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு இரவு அதில் தூங்கிப் பாருங்கள். காலையில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று பார்த்தால் என் கணக்கைவிட அது நிச்சயம்.

அப்படியும் நடுராத்திரியில் நின்றுவிட்டால், மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். காற்று வராத மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. தலையை உயர்த்தி ஒருக்களித்துப் படுங்கள். அன்றைக்கு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். மறுநாள் காலை வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். ஓட்ட ஆள் இல்லையென்றால் பஸ் இருக்கிறது. இதில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. பைபேப் மிஷினோ (மூச்சை இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம் தருவது) ஆக்சிஜனோ தேவைப்படுகிறவர்கள் கரண்ட் இல்லாத இடத்தில் தங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

ஹார்டுவேர் கடைக்காரர் பிப்ரவரியில் மறுபடி கொல்லிமலை போய்வந்தார். மிஷினின் மெமரி கார்டைப் பார்த்தேன்: இரண்டு இரவும் தலா ஆறரை மணி நேரம் ஓடியிருக்கிறது. மூக்கு காய்ந்ததாம். இறங்கும்போது வண்டியை ஓட்டியது மகன்.